26 பழைய கம்ப்யூட்டர்கள்: எடைக்குப் போடலாமா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது விலைக் கேள்வி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் உங்கள் ரத்தப் பரிசோதனை லேப், நெல்லிக்குப்பத்திலும் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்திலும் கிளை. மூன்று இடத்திலும் சேர்த்து 26 கம்ப்யூட்டர், 5 லேப்டாப், 14 யுபிஎஸ், ஓடாத பிரிண்டர் மூன்று, பெரிய ஜெராக்ஸ் மெஷின் ஒன்று, சிசிடிவி டிவிஆர் ஒன்று. விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று வெண்டர் சொல்லிவிட்டார். பழைய இரும்புக் கடைக்காரர் மொத்தமாக 38,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். சென்னைப் பக்கத்து மறுசுழற்சி நிறுவனம் ஒன்று 11,000தான் தருவோம், சான்றிதழ் உண்டு என்கிறது. கடைக்காரரிடம் கொடுத்தால் சட்டப்படி தப்பா, ஃபார்மட் அடித்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது: உங்கள் ஷட்டரைத் தாண்டிய பிறகு அந்தப் பெட்டிகள் யார் கைக்குப் போகும், அதில் உங்கள் பொறுப்பு எதுவரை?

நான் 23 வருடமாகப் புதுச்சேரியிலும் கடலூரிலும் அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கு ஏஎம்சி (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பார்க்கிறேன். நடுவில் இரண்டு வருடம் காஞ்சிபுரம் பக்கம் ஒரு மறுசுழற்சி ஆலையில், பெட்டிகளைப் பிரிக்கும் இடத்தில் மேற்பார்வையாளராக இருந்தேன். எடைக்கு வாங்குகிறவர்களையும் தெரியும், ஆலையின் உள்பக்கத்தையும் தெரியும். வரி, கணக்கு என் துறை இல்லை. அந்த இடம் வரும்போது உங்கள் ஆடிட்டரிடம்தான் அனுப்புவேன்.

முதலில், 26ஐயும் தூக்கிப் போட வேண்டுமா என்று பாருங்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதி நிறுத்தியது உண்மை. அதனால் மெஷின் செத்துவிடவில்லை. பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, அவ்வளவுதான். இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப் இருந்தால் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏறும். "டிபிஎம் இல்லை" என்று திரையில் வந்தால் உடனே நம்பாதீர்கள். டிபிஎம் என்பது விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப். பல போர்டுகளில் டிபிஎம் இருக்கும், பயாஸில் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்கில்) அணைத்து வைத்திருப்பார்கள்; போன மாதம் ஒரு அலுவலகத்தில் ஒன்பது மெஷினை இப்படித்தான் காப்பாற்றினேன். ஏறாதவற்றில், பிரவுசரில் பில் போடும் கவுன்ட்டர் மெஷின்களுக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். டேலி கணக்கு மென்பொருள் ஓடும் மெஷினுக்கு அது சரிவராது, அதற்கு விண்டோஸ் வேண்டும். நிறுவனங்கள் பணம் கட்டி மூன்று வருடம் வரை அப்டேட் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கட்டணம் வருடா வருடம் இரட்டிப்பாகும். ஒரு எச்சரிக்கை: ரத்தம் பரிசோதிக்கும் அனலைசரோடு இணைத்த கம்ப்யூட்டர்களில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். அந்த மெஷின் கம்பெனிக்காரரைக் கேட்காமல் மாற்றினால் இன்டர்ஃபேஸ் போய்விடும், ரிசல்ட் வராது. அவற்றை இன்டர்நெட்டிலிருந்து துண்டித்து வைப்பதே இப்போதைக்குப் போதுமான வழி.

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் வையுங்கள். கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் அலுவலகங்களில் பாதி "செத்த" மெஷின்கள் சாகாதவை. உப்புக்காற்றில் ராம் பின்கள் மங்கிப்போய் பீப் பீப் என்று கத்தும். ராமைக் கழற்றி, பின்களை பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துணியால் துடைத்துத் திருப்பிச் செருகினால் எழுந்துவிடும். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போட்டால் பத்து வருட மெஷின்கூட இன்னும் நாலு வருடம் ஓடும். மறுசுழற்சியைப் பற்றிக் கேட்டவருக்கு இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு கம்ப்யூட்டர் பூமிக்குச் செய்யும் கேட்டில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. எவ்வளவு நல்ல ஆலையும் அதைத் திருப்பித் தராது.

பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அரசுப் பள்ளிகளின் பின்னறைகளில் இப்படி வந்து இறங்கி, ஒரு நாள்கூட ஓடாமல் அடுக்கிக் கிடக்கும் பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓடும் நிலையில், கீபோர்டு மவுஸ் சேர்த்து, கெட்டுப்போனால் நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் அது தானம். இல்லையென்றால் உங்கள் குப்பையை ஹெட்மாஸ்டர் தலையில் கட்டுவதாக ஆகிவிடும்.

சரி, நிஜமாகவே கழித்துக்கட்ட வேண்டியவை ஒரு 15 என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் ஏன் கூடுதல் விலை தருகிறார்? அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அவருக்கு அந்தப் பெட்டி எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். ஓடுகிற ராம், ஹார்டு டிஸ்க், பிராசசர் தனியாகப் போய் செகண்ட்ஸில் விற்கும். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) உள்ளே செம்பு, கேபிளில் செம்பு, ஹீட் சிங்க் அலுமினியம், பெட்டி தகரம். போர்டு கிலோ ரேட்டில் அடுத்த கைக்குப் போகும், அங்கிருந்து இன்னொரு கைக்கு. இதில் காசு ஆகாதவை என்று கொஞ்சம் மிஞ்சும்: மானிட்டர் திரையின் பின்விளக்கு, டோனர் தூள், தீப்பிடிக்காமல் இருக்க புரோமின் சேர்த்த பிளாஸ்டிக், கெப்பாசிட்டர், போர்டிலிருந்து தங்கத்தைக் கரைத்து எடுத்த பிறகு மீந்த அமிலம். இவற்றைச் சரியாக அப்புறப்படுத்த ஆலைக்குச் செலவு உண்டு. கடைக்காரருக்கு அந்தச் செலவே கிடையாது, ஏனென்றால் அது வாய்க்காலுக்கோ ஏரிக்கரைக்கோ போய்விடுகிறது. 38,000க்கும் 11,000க்கும் நடுவில் இருக்கும் 27,000 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பதற்கு என் பதில் இதுதான். அதில் ஒரு பங்கு கடைக்காரரின் உழைப்பும் செகண்ட்ஸ் விற்கும் திறமையும். இன்னொரு பங்கு, யாரோ ஒருவரின் நுரையீரல் கட்டும் பணம்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது ஞாபகம் இருக்கும். அடுத்த இரண்டு மாதமும் நனைந்த கம்ப்யூட்டர்தான் எங்களுக்கு வேலை. ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில் கிட்டத்தட்ட நாற்பது பழைய குண்டு மானிட்டர்கள். "எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க சார், இடம் வேணும்" என்றார்கள். நானே ஒரு கடைக்காரரைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டேன். பேரம் பேசி நல்ல விலை வாங்கிக் கொடுத்த பெருமை வேறு. ஏப்ரலில் வில்லியனூரைத் தாண்டி ஒரு வேலைக்குப் போனபோது ஏரிக்கரையில் கண்ணாடிக் குவியல். ஒவ்வொரு குழாயும் கழுத்தில் உடைக்கப்பட்டு, பின்னால் இருக்கும் செம்புச் சுருள் மட்டும் உருவப்பட்டிருந்தது. பக்கத்தில் உரித்துப் போட்ட பிளாஸ்டிக் கூடு ஒன்றில் நீல மையில் என் கையெழுத்து: "சர்வீஸ் – பிப்ரவரி". நான் ஒட்டிய ஸ்டிக்கர். பதினான்கு, பதினைந்து வயசுப் பையன் ஒருவன் கேபிள்களைக் குவித்துத் தீ வைத்துவிட்டு, காற்றுக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தான். காற்று திரும்பத் திரும்ப அவனும் இடம் மாறி உட்கார்ந்தான். அந்தக் கண்ணாடியின் பின்கூம்பில் காரீயம் உண்டு, ஒரு மானிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. அந்தப் பையன் அறிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும், தெரிந்தேதான் ஏற்றிவிட்டேன்.

உங்கள் லாட்டில் குண்டு மானிட்டர் இருக்காது. ஆனால் தட்டைத் திரைகளில் பழையவை, எல்இடி வருவதற்கு முந்தியவை, பின்விளக்காக மெல்லிய குழல்களைக் கொண்டவை. அந்தக் குழலுக்குள் பாதரசம் இருக்கும். பழைய போர்டுகளின் பற்றவைப்பில் காரீயம் உண்டு. இந்தியாவில் அதற்கு வரம்பு கட்டியது 2014 மே மாதத்திலிருந்துதான். பிவிசி உறை போட்ட வயரை எரித்தால் டையாக்சின் வரும். போர்டிலிருந்து தங்கம் எடுக்க நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ராஜ திராவகம், சில இடத்தில் சயனைடு. வேலை முடிந்ததும் அது சாக்கடையில். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் இருந்து வரும் காற்றையும் கிணற்றுத் தண்ணீரையும் பற்றிக் கடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரிய ஆலை செய்தால் கேட்க ஆள் இருக்கிறது. கொல்லைப்புறத்தில் நாலு பிளாஸ்டிக் வாளியில் நடப்பதைக் கேட்க ஆளில்லை.

பதிவு பெற்ற ஆலையில் என்ன நடக்கும்? பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. முதலில் கையால் பிரிப்பார்கள்: பேட்டரி, பின்விளக்குக் குழல், டோனர், கெப்பாசிட்டர் போன்றவற்றைத் தனியே எடுத்துவிடுவதுதான் முக்கியமான கட்டம். அப்புறம் இரும்பு, அலுமினியம், செம்பு, பிளாஸ்டிக். மிச்சத்தை நொறுக்கி, காந்தத்தாலும் சுழல் மின்னோட்டத்தாலும் பிரிப்பார்கள். தூசி வெளியே போகாமல் உறிஞ்சி வடிகட்ட வேண்டும். போர்டுகளிலிருந்து தங்கம், வெள்ளி, பல்லேடியத்தை முழுமையாக எடுப்பது எல்லா ஆலைக்கும் முடியாது. பெல்ஜியத்தின் ஹோபோகனில் இருப்பது போன்ற பெரிய உருக்காலைகளுக்கு அனுப்பும் வழக்கமும் உண்டு. ஒரு டன் போர்டில் இருக்கும் தங்கம் ஒரு டன் தங்கத்தாதுவில் கிடைப்பதைவிடப் பல மடங்கு. அதனால்தான் இதற்கு இத்தனை போட்டி. இவ்வளவு மதிப்பு இருந்தும், உலகில் 2022இல் உருவான 6.2 கோடி டன் மின்கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான் என்கிறது ஐ.நா.வின் மின்கழிவு அறிக்கை.

சட்டத்துக்கு வருவோம். இப்போது நடைமுறையில் இருப்பது 2022ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள், 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. இதில் பெரிய சுமை தயாரிப்பாளர்கள் மேல். விற்ற பொருளில் இத்தனை பங்கைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்ய வைக்க வேண்டும் என்று இலக்கு: 2023–24, 2024–25க்கு 60 சதவீதம், அடுத்த இரண்டு வருடம் 70, 2027–28 முதல் 80. வாங்கிப் பயன்படுத்தும் நிறுவனங்களில் "பெருநுகர்வோர்" என்று தனிக் கடமை சொல்லப்பட்டிருப்பது ஆயிரம் சாதனங்களுக்குக் குறையாமல் பயன்படுத்துகிறவர்களுக்கு. அவர்கள் பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். உங்களிடம் ஆயிரம் சாதனம் இல்லை. போதாததற்கு, குறுந்தொழில் நிறுவனங்களை அந்த விதிகள் விட்டுவிடுகின்றன. ஆக, கடைக்காரரிடம் கொடுத்தால் உங்களைப் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று யாராவது பயமுறுத்தினால் அது மிகை. சான்றிதழ் விற்கிற சில ஏஜென்ட்டுகள் இப்படிப் பேசியே வியாபாரம் பிடிக்கிறார்கள். உங்கள் அளவுள்ள இடத்தைச் சட்டம் கிட்டத்தட்ட உங்கள் மனசாட்சிக்கே விட்டிருக்கிறது. எனக்கு அது குறைபாடாகத்தான் படுகிறது, ஏனென்றால் நம் ஊரில் பெரும்பாலான அலுவலகங்கள் உங்கள் அளவுதான்.

மின்கழிவு விதி உங்களை விட்டாலும், தகவல் விஷயம் விடாது. நீங்கள் நடத்துவது லேப். அந்த டிஸ்க்குகளில் இருப்பது பெயர், போன் நம்பர், சர்க்கரை அளவு, எச்ஐவி ரிசல்ட், கர்ப்பப் பரிசோதனை. கடலூர் மாதிரி ஊரில் இது வெளியே போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தக்க பாதுகாப்பு எடுக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அதன் கடமைகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. அந்தப் பெரிய எண்ணை விடுங்கள். சில வருடம் முன்பு புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் செகண்ட்ஸ் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கினேன், ஃபார்மட் அடித்த டிஸ்க். இலவச மீட்பு மென்பொருளை ஓட விட்டுவிட்டு டீ குடித்து வந்தேன். ஒரு கடன் கொடுக்கும் இடத்தின் வாடிக்கையாளர் கோப்புகள்: ஆதார் நகல், பான் கார்டு, கையெழுத்திட்ட வெற்றுப் பத்திரம், குடும்பத்தோடு வீட்டு வாசலில் நின்று எடுத்த போட்டோ. பெரிய திறமை ஒன்றும் தேவைப்படவில்லை. நான் அந்த டிஸ்க்கை அன்றே முழுவதும் அழித்தேன். வேறொருவர் கைக்குப் போயிருந்தால்?

ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில்: சாதாரண ஃபார்மட் போதாது. குயிக் ஃபார்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது. பக்கங்கள் அப்படியே இருக்கும். சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருந்தால் எல்லா செக்டாரிலும் ஒருமுறை பூஜ்யம் எழுதினால் போதும். ஏழு தடவை, முப்பத்தைந்து தடவை என்பதெல்லாம் பழைய காலத்துப் பயம். இன்றைய டிஸ்க்குகளுக்கு ஒரு முழுச் சுற்று போதும் என்றுதான் அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தர நிர்ணய அமைப்பின் வழிகாட்டியும் சொல்கிறது. விண்டோஸில் டிஸ்க்பார்ட் (diskpart) என்ற கருவிக்குள் போய் "கிளீன் ஆல்" கொடுத்தால் அந்த வேலை நடக்கும். ஒரு டெராபைட்டுக்குச் சில மணி நேரம் பிடிக்கும். டிஸ்க் நம்பரை இரண்டு தடவை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள், கேட்காமல் அழித்துவிடும். எஸ்எஸ்டி வேறு ஜாதி. நீங்கள் எழுதுவது எந்தச் செல்லில் போய் விழுகிறது என்பதை அதன் கன்ட்ரோலர்தான் முடிவு செய்கிறது. மேலே எழுதினாலும் சில பகுதிகள் தொடப்படாமல் தங்கிவிடலாம். அதற்குத் தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளிலோ பயாஸிலோ இருக்கும் செக்யூர் ஈரேஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். டிஸ்க் முழுவதையும் சங்கேதமாக்கிப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதியை முதலிலிருந்தே போட்டு வைத்திருந்தால் நிம்மதி. சாவியை அழித்தால் பெட்டகம் திறக்காது.

ஓடாத டிஸ்க்கை எதைக்கொண்டு அழிப்பது? அதைத்தான் உடைக்க வேண்டும். நான் டிரில்லிங் மெஷினோடு போவேன். டெஸ்க்டாப் டிஸ்க்கின் தட்டுகள் பெரும்பாலும் அலுமினியம், மூன்று நாலு இடத்தில் துளை போட்டால் நம் தேவைக்குப் போதும். லேப்டாப் டிஸ்க்கில் தட்டு பல சமயம் கண்ணாடி. துளை இறங்கியதும் சில்லுச் சில்லாக நொறுங்கும், டிஸ்க்கை ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இதைச் செய்யக் கூடாது. எஸ்எஸ்டியில் நடுவில் ஒரு துளை போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கறுப்புச் சிப்பும் உடைய வேண்டும். காந்தம் வைத்து அழிப்பது எஸ்எஸ்டியில் பலிக்காது. லேப் என்பதால் உங்களுக்கு நான் சொல்வது: ஓடுகிற டிஸ்க்கையும் அழித்த பிறகு உடைத்தே கொடுங்கள். ஒரு டிஸ்க்குக்குச் சில நூறு ரூபாய் குறையும். உங்கள் வாசலில், உங்கள் கண் முன்னால் முடிந்துவிடும். எந்தச் சான்றிதழையும்விட இதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

எல்லோரும் மறக்கிற இடம் கம்ப்யூட்டர் அல்லாத சாதனங்கள். உங்கள் பெரிய ஜெராக்ஸ் மெஷினுக்குள் ஹார்டு டிஸ்க் இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கேன், காப்பி, பிரின்ட் எடுத்தவற்றின் படங்கள் அதில் தங்கும். சர்வீஸ் ஆளை வரவழைத்து, மெனுவில் அழிக்கச் சொல்லுங்கள், அல்லது டிஸ்க்கைக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். டிவிஆருக்குள்ளும் டிஸ்க் உண்டு, அதில் உங்கள் ரத்தம் எடுக்கும் அறைக்கு வந்துபோனவர்கள் முகம். நீங்கள் பட்டியலில் சொல்லவில்லை, ஆனால் கைரேகை வருகைப்பதிவு மெஷின் மூன்று இடத்திலும் இருக்கும் என்று நினைக்கிறேன்; ஊழியர்களின் ரேகை விவரம் அதற்குள் இருக்கிறது. பழைய ரூட்டரில் உங்கள் இன்டர்நெட் பாஸ்வேர்டு. எல்லாவற்றையும் ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள்.

யுபிஎஸ் பேட்டரியைக் கம்ப்யூட்டரோடு சேர்க்காதீர்கள். அது மின்கழிவு விதியில் வராது, பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 என்று தனியாக இருக்கிறது. 14 யுபிஎஸ்ஸிலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் சின்ன பேட்டரி, ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. எடையில் பாதிக்கு மேல் காரீயம். புது பேட்டரி வாங்கும்போது டீலரிடமே எக்ஸ்சேஞ்சில் கொடுத்து பில்லில் குறைத்துக்கொள்வது சுலபமான வழி. எந்தக் காரணத்துக்கும் பேட்டரியைத் தெருவில் எடைக்குப் போடாதீர்கள். ஆசிட்டைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுத் தகட்டை அடுப்பில் உருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் புகையில் வரும் காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. டோனர் கார்ட்ரிட்ஜைத் தட்டாமல், உதறாமல், பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுங்கள்.

சென்னை நிறுவனத்தை எப்படி எடை போடுவது? கடலூர் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் எல்லை, ரெட்டியார்பாளையம் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்தின் எல்லை. ஆனால் மறுசுழற்சி ஆலையின் பதிவு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில்தான். அதனால் மூன்று கிளைக்கும் ஒரே ஆலை போதும். பதிவுச் சான்றின் நகலைக் கேளுங்கள், அந்தப் பெயரையும் காலாவதித் தேதியையும் இணையதளப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வண்டியில் வருகிறவர் அந்த ஆலையின் ஆளா, அல்லது அதன் பெயரைச் சொல்லி வாங்கி வேறெங்கோ விற்கும் தரகரா என்று ஆலைக்கே போன் செய்து கேளுங்கள். ஆலையில் இருந்தபோது இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்: ஒரு தரகர் நாலு கம்பெனியிலிருந்து எடுத்து வருவார், நல்ல போர்டெல்லாம் வழியிலேயே இறங்கிவிடும், எங்களிடம் வெறும் தகரமும் பிளாஸ்டிக்கும் வந்து சேரும். சான்றிதழோ முழு எடைக்கும் கேட்பார். இதைத் தடுக்க உங்கள் கையில் இருக்கும் வழி, சீரியல் நம்பரோடு ஒரு பட்டியலும் உங்கள் வாசலிலேயே எடை போட்டு வாங்கிய சீட்டும். சான்றிதழில் அதே பட்டியல், அதே எடை வர வேண்டும். பொருள் ஏறுமுன்பே சான்றிதழை நீட்டுகிறவரை அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

அந்த நிறுவனம் 11,000 தருவதைத் தயவு என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். மீட்டெடுக்கும் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு அளவுக்கு ஏற்ப அவர்களுக்கு, உங்களுக்குத் தரும் சான்றிதழ் அல்லாமல், வேறொரு சான்று கிடைக்கும், அதைத் தயாரிப்பாளர்கள் இலக்கை முடிக்க விலைக்கு வாங்குவார்கள். ஆக, பேரம் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது. இரண்டு மூன்று ஆலையிடம் விலை கேளுங்கள். டெல், எச்பி, லெனோவா போன்ற பிராண்டுகளுக்குத் திரும்பப் பெறும் திட்டம் உண்டு, அவர்கள் தளத்திலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒரு கிளைக்கு மட்டும் வண்டி அனுப்பச் சொன்னால் தயங்குவார்கள். மூன்றையும் மஞ்சக்குப்பத்தில் சேர்த்துவிட்டால் விலையும் ஏறும். தெரிந்த இரண்டு மூன்று அலுவலகங்களையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. வாங்கும் தொகை பேங்க் வழியாக வரட்டும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் பழைய சொத்தை விற்பதற்கும் பில் போட வேண்டியிருக்கும், சொத்துக் கணக்கிலும் கழிக்க வேண்டும். அதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

கடைக்காரரை முற்றாக ஒதுக்கச் சொல்லவில்லை. மேசை, நாற்காலி, இரும்பு ரேக், அட்டைப் பெட்டி எல்லாம் அவருக்கே போகட்டும், அதில் அவரைப்போல் நியாயமாக வாங்குகிறவர் கிடையாது. வில்லியனூரில் எனக்குத் தெரிந்த ஒரு பாய் இப்போது போர்டுகளை உடைக்காமல், எரிக்காமல் சேர்த்து வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவு பெற்ற ஆலைக்கு லாரியில் அனுப்புகிறார். "அண்ணே, எரிச்சா கண்ணு எரியுது, இதுல காசும் கொறையல" என்றார். உங்கள் கடைக்காரரும் அப்படி அனுப்புகிறவராக இருந்து, ஆலையின் ரசீதைக் காட்டினால் அவரிடமே கொடுக்கலாம். டிஸ்க்கும் பேட்டரியும் தவிர.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வாரம் ஒரு நோட்டில் பட்டியல் போட்டு, ஓட வைக்கக்கூடியதைப் பிரித்து, டிஸ்க்குகளைக் கழற்றி ஒரு பெட்டியில் பூட்டுவேன். ஆலைக்கு போன் அடுத்த வாரம் போதும். அவசரமானது ஒன்றுதான்: அந்த ஐந்து லேப்டாப்பையும் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பாகம் உப்பியிருந்தாலோ, மேசையில் வைத்தால் ஆடினாலோ, டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ உள்ளே லித்தியம் பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள். தெரிந்த டெக்னீஷியனை விட்டுக் கழற்றச் சொல்லி, முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட இரும்பு வாளியில் வைத்து, ரிப்போர்ட்டுகள் அடுக்கியிருக்கும் அறைக்கு வெளியே வையுங்கள். இதை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள்.